‘ஹால்ட்’ மெத்தட்களை எங்கே வைப்பது: ஆப்ஜெக்டிலா, தனி கிளாஸிலா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபாரோ என்ற ஸ்மால்டாக் மொழிச் சூழலில் வேலை செய்யும் ஒரு சிறிய குழு. டிபகிங்குக்காக, அதாவது நிரலை இடையில் நிறுத்திப் பிழை தேடுவதற்காக, ஆளாளுக்கு ஆப்ஜெக்ட் கிளாஸில் (ஏறக்குறைய எல்லாக் கிளாஸுக்கும் தாய்) ‘ஹால்ட்’ வகை மெத்தட் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். ஒருமுறை மட்டும் நிற்பது, எண்ணி நிற்பது, நிபந்தனை பார்த்து நிற்பது, நின்றதும் இன்ஸ்பெக்டரை (ஆப்ஜெக்டின் உள்ளே பார்க்கும் ஜன்னலை) திறப்பது என்று பதினைந்துக்கு மேல் ஆகிவிட்டன. சில ‘டிபகிங்’ புரோட்டோகாலில் (மெத்தட்களை அடுக்கும் தலைப்பில்), சில ‘எரர் ஹேண்ட்லிங்’கில், சில எதிலும் வகைப்படுத்தாமல். எப்படி ஒழுங்கு செய்வது, எந்தப் பெயரில் அடுக்குவது?

புரோட்டோகால் பெயரை மாற்றுவது கடைசி வேலை. அதை முதலில் செய்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும், ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். பிரேக்பாயிண்ட் மெத்தட், அதாவது நிரலை நிறுத்தும் மெத்தட், மற்ற மெத்தட்களைப் போல நிலைத்திருக்க எழுதப்படுவதில்லை. அதை அழைக்கும் ஒவ்வொரு வரியும் எடுத்துவிடுவதற்காகவே வைக்கப்படுகிறது. சுவர் பூசக் கட்டும் சாரத்தைப் போல. ஆகவே நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: இன்று வைத்த நிறுத்தத்தை நாளை இன்னொருவர் எவ்வளவு சுலபமாகத் தேடிப் பிடித்து எடுக்க முடியும்? கீழே சொல்வதெல்லாம் இதையொட்டித்தான்.

முதலில், இது ஏன் மெத்தடாக இருக்கிறது? ஜாவாக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அங்கே பிரேக்பாயிண்ட் ஐடிஇயின் ஓரத்தில் வைக்கும் சிவப்புப் புள்ளி. ஓடும் நிரலோடு டிபகர் வெளியிலிருந்து பேசுகிறது. மூல நிரலில் ஒரு எழுத்தும் மாறாது. ஜாவாஸ்கிரிப்டில் ‘டிபகர்’ என்று ஒரு சொல்லை மொழியிலேயே ஒதுக்கிவிட்டார்கள். ஸ்மால்டாக்கில் டிபகர் வெளியாள் இல்லை. உங்கள் நிரல் ஓடும் அதே இமேஜுக்குள் (நிரலும் கருவிகளும் சேர்ந்து வாழும் நினைவகத் தொகுப்பு), அதே மொழியில் எழுதப்பட்ட இன்னொரு ஆப்ஜெக்ட். எல்லாமே மெசேஜ் என்ற ஊரில் நிற்பதற்கும் ஒரு மெசேஜ்தானே அனுப்ப வேண்டும்? யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய மெசேஜ் என்றால் அதை ஆப்ஜெக்டில்தான் வைக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அப்படித்தான் ‘செல்ஃப் ஹால்ட்’ வந்தது.

பழைய ‘ஹால்ட்’ மெத்தட்டின் கமென்ட்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. செய்தியோடு நிற்கும் ‘ஹால்ட்:’ என்ற இன்னொரு மெத்தட்டும் இருந்தது. ‘ஹால்ட்’ அதை அழைத்து வேலையை முடித்திருக்கலாம். ஆனால் வேண்டுமென்றே அழைக்கவில்லை என்று கமென்ட் சொல்கிறது. அழைத்தால் ஸ்டாக்கில் (அழைப்புகளின் அடுக்கில்) தேவையில்லாத ஒரு படி கூடிவிடும். நின்ற இடத்தைப் பார்க்கத் திறந்த டிபகரில், நிறுத்தும் கருவியின் உள்விவகாரம் முதலில் வந்து நிற்கக் கூடாது என்ற அக்கறை அது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து, ஆப்ஜெக்ட் எப்படிக் குப்பையாகிறது என்பதற்கு உங்கள் குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது. 1996இல் வந்த ஸ்குவீக் என்ற ஸ்மால்டாக்கின் ஆப்ஜெக்ட் கிளாஸையே பாருங்கள். ‘ஹால்ட்’, ‘ஹால்ட்:’, ‘ஹால்ட்இஃப்:’, ‘ஹால்ட்இஃப்நில்’, ‘ஹால்ட்ஒன்ஸ்’, ‘ஹால்ட்ஒன்ஸ்:’, ‘ஹால்ட்ஆன்கவுன்ட்:’ என்று நிறுத்துவதற்கு ஒரு வரிசை. ‘இன்ஸ்பெக்ட்ஒன்ஸ்’, ‘இன்ஸ்பெக்ட்ஆன்கவுன்ட்:’, ‘இன்ஸ்பெக்ட்அன்டில்கவுன்ட்:’ என்று பார்ப்பதற்கு இன்னொரு வரிசை. இவற்றுக்குப் பின்னால் கொடியைப் போட, கொடியை எடுக்க, எண்ணிக்கையை வைக்க, எண்ணிக்கையைக் குறைக்க என்று எடுபிடி மெத்தட்கள். ஒருமுறை மட்டும் செய்ய ‘டூஒன்லிஒன்ஸ்:’, அதை மறுபடி ஆயத்தப்படுத்த ‘ரீஆர்ம்ஒன்ஷாட்’. ஸ்ட்ரிங், எண், தேதி, பொத்தான் என்று உலகத்திலுள்ள அத்தனை ஆப்ஜெக்ட்டுக்கும் இவை எல்லாம் பிறப்புரிமை! ஒரு முழு எண்ணிடம் போய் ‘உன் ஹால்ட் எண்ணிக்கையைக் குறை’ என்று சொல்லலாம்.

ஏன் இப்படிப் பெருகின? ஒவ்வொரு மெத்தட்டும் இரண்டு கேள்விகளுக்கு விடையை ஒரே பெயரில் கட்டிவைத்திருக்கிறது. எப்போது என்பது ஒன்று: உடனே, ஒருமுறை, இத்தனையாவது தடவை, நிபந்தனை நிறைவேறினால். என்ன செய்வது என்பது மற்றொன்று: நிற்பது, இன்ஸ்பெக்டரைத் திறப்பது, டிரான்ஸ்கிரிப்டில் (பதிவு ஜன்னலில்) எழுதுவது. நாலு ‘எப்போது’, மூன்று ‘என்ன’ என்றால் பன்னிரண்டு மெத்தட். ‘ஒருமுறை மட்டும், அதுவும் நூறாவது தடவை’ என்று ஒருவர் கேட்டால் இன்னொன்று. உங்களிடம் பதினைந்து சேர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கும்; பட்டியலை எடுத்து இந்த இரண்டு பத்தியாகப் பிரித்துப் பாருங்கள், பாதிக்குப் பாதி ஒன்றோடொன்று பெருக்கி வந்தவையாக இருக்கும்.

இதைவிட மோசமான விஷயம் நிலை எங்கே இருக்கிறது என்பது. ‘ஒருமுறை மட்டும்’ என்றால் ஏற்கெனவே நின்றாயிற்றா என்பதை யாரோ நினைவில் வைக்க வேண்டும். ஸ்குவீக்கில் அது ஒரு குளோபல் கொடி, ஸ்மால்டாக் அகராதியில் ‘ஹால்ட்ஒன்ஸ்’ என்ற சாவியின் கீழ். இமேஜ் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. நீங்கள் மூன்று மெத்தட்களில் ‘ஹால்ட்ஒன்ஸ்’ வைத்தால் முதலில் எட்டுவது நிற்கும், கொடி இறங்கும், மற்ற இரண்டும் வாயைத் திறக்காது. ‘இந்த வழியாக நிரல் வரவே இல்லை போல’ என்று நீங்கள் தவறாக முடிவு கட்டுவீர்கள். பொய் சொல்லும் டிபகிங் கருவியால் வரும் கஷ்டம் கருவியே இல்லாததைவிட அதிகம். இதில் ஒருமுறை அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

ஃபாரோ 2008இல் ஸ்குவீக்கிலிருந்து பிரிந்தது. பிரிந்தபின் அவர்கள் செய்த துப்புரவில் இதுவும் ஒன்று: இயந்திரம் முழுவதையும் ஹால்ட் என்ற எக்ஸெப்ஷன் கிளாஸின் கிளாஸ் பக்கத்துக்கு, அதாவது கிளாஸிடமே நேராக அனுப்பும் மெசேஜ்களின் இடத்துக்கு, நகர்த்தினார்கள். ‘ஹால்ட் நவ்’, ‘ஹால்ட் ஒன்ஸ்’, ‘ஹால்ட் இஃப்:’, ‘ஹால்ட் ஆன்கவுன்ட்:’. ஆப்ஜெக்டில் மிச்சமிருக்கும் ‘ஹால்ட்’ ஒரே வரி. ‘ஹால்ட் நவ்’ என்று தட்டிவிடுவதோடு சரி. அப்படித் தட்டிவிட்டால் ஸ்டாக்கில் ஒரு படி கூடுமே என்ற பழைய கவலை என்னவாயிற்று? மெத்தட்டில் ஒரு பிராக்மா (கருவிகளுக்கான குறிப்பு) எழுதி, டிபகர் திறக்கும்போது இந்தப் படியை முடித்துக்கொண்டு அனுப்பியவரிடம் போய் நில் என்று சொல்லிவிடுகிறார்கள். உங்கள் சொந்த நிறுத்த மெத்தட்களிலும் இந்த ‘டிபகர்கம்ப்ளீட்டுசென்டர்’ பிராக்மாவைப் போடுங்கள். போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் உங்கள் கருவியின் வயிற்றுக்குள் போய் நின்று, இரண்டு படி கீழே இறங்கிப் பார்க்க வேண்டிவரும். ஒரு வாரத்தில் குழுவில் எல்லோரும் அதைக் கைவிட்டுவிடுவார்கள்.

கிளாஸ் பக்கம் நகர்த்துவதில் அழகைவிட முக்கியமான லாபங்கள் உண்டு. முதலாவது தேடல். ‘ஹால்ட்’ என்ற கிளாஸைக் குறிப்பிடும் இடங்கள் யாவை என்று ஒரே தேடல் போட்டால், எந்த வகை நிறுத்தமாக இருந்தாலும் அகப்பட்டுவிடும். ஆப்ஜெக்ட் மெத்தட்களாக இருந்தால் பதினைந்து செலக்டருக்கும் (மெத்தட் பெயருக்கும்) பதினைந்து முறை ‘சென்டர்ஸ்’ (அதை அனுப்பும் இடங்கள்) தேட வேண்டும். பதினாறாவதை யாராவது நேற்று சேர்த்திருந்தால் அது தப்பிவிடும்.

இரண்டாவது, பெயர் மோதல். ஒரு மோட்டாரையோ லிஃப்ட்டையோ சிமுலேட் செய்யும் நிரலை எழுதுகிறீர்கள். மோட்டார் கிளாஸில் ‘ஹால்ட்’ என்று ஒரு மெத்தட் எழுதுவது எவ்வளவு இயல்பு! எழுதியபின் அந்தக் கிளாஸுக்குள் ‘செல்ஃப் ஹால்ட்’ என்று பிரேக்பாயிண்ட் வைத்தால் டிபகர் திறக்காது, மோட்டார் நின்றுவிடும். ‘பிரேக்’, ‘ஒன்ஸ்’, ‘பாஸ்’ போன்ற சாதாரணச் சொற்களை ஆப்ஜெக்டில் வைத்தால் இந்த விபத்து இன்னும் அடிக்கடி நடக்கும்.

மூன்றாவது, பிராக்ஸி, அதாவது இன்னொரு ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாள். எல்லாக் கிளாஸும் ஆப்ஜெக்டின் பிள்ளைகள் இல்லை. புரோட்டோஆப்ஜெக்டிலிருந்து நேராக வரும் பிராக்ஸிகள் ‘ஹால்ட்’டைப் புரிந்துகொள்வதில்லை, ‘டஸ்நாட்அண்டர்ஸ்டாண்ட்:’ வழியாகப் பின்னால் இருக்கும் நிஜ ஆப்ஜெக்ட்டுக்குத் தள்ளிவிடும். நீங்கள் பிராக்ஸியை நிறுத்தப் பார்க்கிறீர்கள், மெசேஜ் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. ‘ஹால்ட் நவ்’ எங்கிருந்து கூப்பிட்டாலும் வேலை செய்யும், ஏனென்றால் மெசேஜ் போவது ஹால்ட் கிளாஸுக்கு.

அப்படியானால் ஆப்ஜெக்டில் எதுவுமே வேண்டாமா? அங்கே நான் ஒரு சோதனை வைக்கிறேன்: மெத்தட் தன் ரிசீவரை (மெசேஜைப் பெறும் ஆப்ஜெக்டை) பயன்படுத்துகிறதா? பயன்படுத்தினால் ஆப்ஜெக்டில் இருக்க அதற்கு உரிமை உண்டு. ‘ஹால்ட்இஃப்:’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிளாக் (பிறகு ஓட்டக் கொடுக்கும் நிரல் துண்டு) கொடுக்கலாம். பிளாக்குக்கு ஒரு ஆர்க்யுமென்ட் இருந்தால் ரிசீவரே அதற்குள் வந்து சேரும். (பிளாக்குக்குப் பதில் ஒரு செலக்டரின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருள்ள மெத்தட் அழைப்புச் சங்கிலியில் எங்காவது இருந்தால் மட்டும் நிற்கும். ‘இந்த மெத்தட் ஆயிரம் இடத்திலிருந்து அழைக்கப்படுகிறது, ஆனால் என் டெஸ்ட் வழியாக வரும்போது மட்டும் நில்’ என்று சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி நான் பார்த்ததில்லை. பலர் இதைத் தெரியாமலே கையால் கொடி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) ஹால்ட் கிளாஸிலிருந்தும் அழைத்தவரின் கான்டெக்ஸ்டைத் தோண்டி ரிசீவரை எடுக்கலாம், ஃபாரோ அதையும் செய்கிறது. ஆனால் இயல்பாக இருக்க வேண்டிய இடம் ஆப்ஜெக்ட் என்பதை நான் ஒத்துக்கொள்வேன்.

ஒரு குறிப்பிட்ட ஆப்ஜெக்டை மட்டும் கண்காணிக்கும் நிறுத்தங்களும் இந்தச் சோதனையில் தேறும். ‘இந்த மெத்தட் ஓடும்போது நில்’ என்பது ஒன்று, ‘இந்த வாடிக்கையாளர் ஆப்ஜெக்டின் நிலையை யாராவது மாற்றினால் நில்’ என்பது வேறு. யோர்ஹே ரெஸியா, அலெக்சாந்த்ர் பெர்கெல், ஆஸ்கர் நியர்ஸ்ட்ராஸ் மூவரும் 2012இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த இரண்டாவது வகையைத்தான் முன்வைத்தது. ஆப்ஜெக்ட்கள் நிறைந்த மொழியில் டிபகர் மட்டும் வரி எண்ணையும் ஸ்டாக்கையும் பிடித்துத் தொங்குவது ஏன் என்ற நியாயமான கேள்வி அது. அந்த மெசேஜ்கள் ஆப்ஜெக்ட்டுக்கே போக வேண்டியவை.

வெறும் ‘ஹால்ட்’ ரிசீவரைத் தொடுவதே இல்லை. சோதனைப்படி அது வெளியேற வேண்டும். ஆனால் நாற்பது வருஷப் பழக்கம். விரல் தானாகத் தட்டும். அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனி, பெருகிப்போன அந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டை உடைப்பது. ‘எப்போது’ என்பதை ஒரு ஆப்ஜெக்டாகவும் ‘என்ன’ என்பதை இன்னொரு ஆப்ஜெக்டாகவும் பிரித்து, நிறுத்தம் என்ற மூன்றாவது ஆப்ஜெக்ட் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். எண்ணிக்கை, ‘ஒருமுறை ஆயிற்று’ என்ற கொடி எல்லாம் அந்தந்த நிறுத்தத்தின் இன்ஸ்டன்ஸ் வேரியபிளில். குளோபல் எதுவும் கிடையாது. இன்ஸ்டன்ஸை எதை வைத்து அடையாளம் காண்பது என்றால், எந்த மெத்தட்டில் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதை வைத்து. இவ்வளவும் செய்தபின் ஹால்ட் கிளாஸ் பக்கத்தில் நீங்கள் சேர்க்க வேண்டியது இந்த ஆப்ஜெக்டை உருவாக்கித் தரும் இரண்டு மூன்று மெத்தட்கள் மட்டுமே.

உண்மையில் இதை நீங்கள் எழுத வேண்டிய அவசியமே குறைந்துவருகிறது. ஃபாரோவின் ரிஃப்ளெக்டிவிட்டி என்ற அடுக்கு, மெத்தட்டின் தொடரியல் மரத்தில் ஒரு கணுவோடு மெட்டாலிங்க் என்ற கொக்கியை ஒட்டவைத்து, மூல நிரலைத் தொடாமல் பிரேக்பாயிண்ட் வைக்க வழிசெய்தது. 2024இல் வந்த ஃபாரோ 12, டிபக் பாயிண்ட் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நிற்கும் புள்ளி ஒரு ஆப்ஜெக்ட், நிபந்தனை, எண்ணிக்கை, ஒருமுறை என்பவை அதன்மேல் மாட்டிவிடும் நடத்தைகள். பழைய ஸ்குவீக்கின் பெயர் வரிசையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே பொருள்கள் எப்படி இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியும். மூல நிரல் மாறாததால் கிட்டில் (பதிப்புகளைக் காக்கும் கருவியில்) கறை படியாது, கமிட்டில் தப்பி ஏறாது. உங்கள் ஃபாரோ பதிப்பு 12 அல்லது அதற்கு மேல் என்றால், பதினைந்தில் பத்தையாவது அழித்துவிட்டு இதற்கு மாறுங்கள் என்பதே என் பரிந்துரை. பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் முந்தைய பத்தி.

நிறுத்தத்துக்குச் சொந்தமாக எக்ஸெப்ஷன் கிளாஸ் எழுதினால் அதை எதன் கீழ் வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஹால்ட், எக்ஸெப்ஷனின் கீழ் இருக்கிறது, எரரின் கீழ் இல்லை. காரணத்தோடுதான். நிரலில் அங்கங்கே ‘எரர் வந்தால் இப்படிச் செய்’ என்று பிடித்துப்போடும் ஹேண்ட்லர்கள் இருக்கும். உங்கள் நிறுத்தம் எரரின் வாரிசாக இருந்தால் அந்த ஹேண்ட்லர் அதை விழுங்கிவிடும். டிபகர் திறக்காது, நிரல் மட்டும் தப்பான வழியில் போகும். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் இப்படி ஒரு கிளாஸ் இருந்தது. பில் கணக்கிடும் மெத்தட்டில் யாரோ மறந்துவிட்ட நிறுத்தம், எரர் என்று பிடிபட்டு, ‘கணக்கிட முடியவில்லை, பூஜ்யம் வை’ என்ற கிளையில் போய் விழுந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்தவர் வாடிக்கையாளர். ஹால்ட்டின் சப்கிளாஸாக வைத்திருந்தால் குறைந்தபட்சம் சத்தம் போட்டு விழுந்திருக்கும்.

மீதி இருப்பது பேக்கேஜ். ஆப்ஜெக்டில் நீங்கள் விட்டுவைக்க முடிவு செய்த இரண்டு மூன்று மெத்தட்களும் கெர்னல் பேக்கேஜோடு கலக்கக் கூடாது; உங்களுடைய டிபக் பேக்கேஜின் எக்ஸ்டென்ஷன் மெத்தட்களாக இருக்க வேண்டும். ஸ்குவீக்கிலும் பழைய ஃபாரோவிலும் புரோட்டோகால் பெயரை நட்சத்திரக் குறியில் தொடங்கி, அடுத்துப் பேக்கேஜின் பெயரை எழுதினால் அந்த மெத்தட் அந்தப் பேக்கேஜுக்குச் சொந்தமாகிவிடும். புரோட்டோகாலுக்கு என்ன பெயர் என்று கேட்டீர்களே, விடை இங்கே தானாக வந்துவிட்டது. பேக்கேஜை இறக்கினால் மெத்தட்களும் கூடவே போய்விடும்.

பேஸ்லைனில் (எந்தெந்தப் பேக்கேஜ் ஏற வேண்டும் என்ற பட்டியலில்) இந்தப் பேக்கேஜை டெவலப்மென்ட் குரூப்பில் மட்டும் சேருங்கள். சர்வருக்குப் போகும் குரூப்பில் வேண்டாம். அப்போது ஒரு சந்தேகம் வரும்: எங்காவது ஓர் அழைப்பு மிஞ்சியிருந்தால் சர்வரில் ‘மெசேஜ் புரியவில்லை’ என்று விழுமே? ஆம், விழும். இதற்குப் பயந்து சர்வருக்கென்று உள்ளே எதுவும் செய்யாத காலி மெத்தட்களை எழுதிவைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறந்த நிறுத்தங்களுக்கு நிரந்தரக் குடியுரிமை கொடுத்ததாக ஆகிவிடும். பதிலாக, பில்ட் ஓடும்போதே ஹால்ட் கிளாஸைக் குறிப்பிடும் மெத்தட்களையும், நீங்கள் விட்டுவைத்த செலக்டர்களை அனுப்பும் மெத்தட்களையும் எண்ணி, ஒன்று இருந்தாலும் பில்டைத் தோற்கடியுங்கள். ரிஃப்ளெக்ஷன் கையில் இருக்கும் மொழியில் இது பத்து வரி டெஸ்ட். ஃபாரோவின் கோடு கிரிட்டிக் என்ற சோதனைக் கருவியும் இப்படி மிஞ்சியவற்றைச் சுட்டிக்காட்டும், ஆனால் எச்சரிக்கையைப் பார்த்தும் பார்க்காமல் போவது மனித சுபாவம்.

ஒரு சின்ன ஒப்பீடு. பைதான்காரர்கள் பல வருஷம் ‘இம்போர்ட் பிடிபி, பிடிபி டாட் செட்_டிரேஸ்’ என்று ஒரே வரியில் இரண்டு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2018இல் வந்த பைதான் 3.7இல் ‘பிரேக்பாயிண்ட்’ என்ற ஒரே ஃபங்ஷன் வந்தது. அது தானாக எதையும் செய்வதில்லை. சிஸ் மாட்யூலில் உள்ள ஒரு ஹுக்கைக் கூப்பிடுகிறது. எந்த டிபகர் என்பதை ஹுக்கில் மாற்றலாம், ஓர் என்விரான்மென்ட் வேரியபிளைப் பூஜ்யமாக்கினால் எல்லா நிறுத்தமும் அடங்கிவிடும். பெயர் ஒன்று, இயந்திரம் வேறிடத்தில். ஸ்மால்டாக்கர்கள் வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுவே.

திரையில் வரையும் மெத்தட்களில் வெறும் ‘ஹால்ட்’ வைக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது. டிபகர் ஜன்னலை வரைவதற்கும் அதே மெத்தட் ஓடும், ஜன்னலுக்குமேல் ஜன்னல் திறக்கும், இமேஜை வெளியிலிருந்து கொல்ல வேண்டியிருக்கும். ‘ஹால்ட்ஒன்ஸ்’ பிறந்ததே இதற்காகத்தான். இடது ஷிப்ட் சாவி அழுத்தியிருக்கிறதா என்று சென்ஸார் என்ற உள்ளீட்டு ஆப்ஜெக்டைக் கேட்டு, ஆம் என்றால் மட்டும் நிற்கும் பழைய ஸ்குவீக் உபாயமும் இன்றைக்கும் கைகொடுக்கும். அதற்காக ஆப்ஜெக்டில் இன்னொரு மெத்தட் வேண்டாம், நிபந்தனைப் பிளாக்காகக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் ‘சென்டர்ஸ்’ தேடுங்கள். யாரும் அழைக்காதவற்றை இன்றே அழித்துவிடுங்கள், விவாதம் வேண்டாம். வேண்டுமென்றால் கிட்டில் இருக்கிறது. அழைப்பு உள்ளவற்றில் பெரும்பாலானவை மறந்துபோனவையாகத்தான் இருக்கும், வைத்தவரைக் கேட்டு எடுத்துவிடுங்கள். அதன்பின் மிஞ்சுவதை ரிசீவர் சோதனையில் நிறுத்திப் பாருங்கள். தேறாதவை ஹால்ட்டின் கிளாஸ் பக்கம் போகட்டும். தேறியவற்றை டிபக் பேக்கேஜின் எக்ஸ்டென்ஷனாக்குங்கள். என் ஊகம், ஆப்ஜெக்டில் இரண்டுதான் நிற்கும். மூன்றாவதற்கு யாராவது வாதாடினால், அவர் அதை ஒரு மாதம் தன் சொந்த இமேஜில் வைத்துப் பயன்படுத்திவிட்டு வரட்டும்.